இந்த ஸ்கேன் சென்டருக்கு மூன்று ஸ்டார், அதுவும் ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட்டுக்காக

அப்பாவுக்கு நாலு மாதமாக இடுப்பு வலி. டிஸ்க் என்று சொல்லி பெல்ட் போட்டு, தைலம் தேய்த்து, பிசியோதெரபிக்கு அலைந்தோம். ராத்திரி படுத்தால்தான் வலி ஜாஸ்தி, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாங்களும்தான். எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பு அரித்திருப்பது தெரிந்த பிறகுதான் டாக்டர் ஏ.எஃப்.பி. என்ற, கல்லீரல் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையும், வயிற்றுக்கு மூன்று கட்ட சி.டி.யும் (நரம்பில் மருந்து ஏற்றி, அடுத்தடுத்து மூன்று நேரங்களில் எடுப்பது) எழுத, இந்த ஸ்கேன் சென்டருக்குப் போனோம்.

வேலை சுத்தம், குறையே இல்லை. முந்தைய நாளே போன் போட்டு சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியாட்டினின் அளவு கேட்டார்கள். "மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், யூரின் போய்விட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க ஐயா" என்று டெக்னீஷியன் சொல்லி வைத்தார், இல்லாவிட்டால் அப்பா எழுந்து ஓடியிருப்பார். ரேடியாலஜிஸ்ட்டே வெளியே வந்து ஹெபடைடிஸ் பி உண்டா என்று கேட்டார். எப்போதோ ரத்த தானம் செய்யப் போனபோது சொன்னார்கள், மறந்தே போயிருந்தோம். அந்தத் தொற்று நாள்பட்டு இருப்பவருக்கு, கல்லீரல் கட்டி முதல் கட்டத்தில் பளிச்சென்று மின்னி அப்புறம் சீக்கிரம் மங்கினால், பெரும்பாலும் பயாப்ஸி இல்லாமலே கல்லீரல் புற்றுநோய் என்று உறுதி செய்யலாமாம். திரையில் எனக்குக் காட்டினார், மங்கத்தான் செய்தது.

எலும்பு ஸ்கேனும் அங்கேயே. ஊசி போட்டு மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். கல்லீரலிலிருந்து பரவுவது எலும்பை அரிக்கிற ரகம் என்பதால் சில இடங்கள் இந்த ஸ்கேனில் சரியாகத் தெரியாது, சி.டி.யோடு சேர்த்துத்தான் பார்க்கணும் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தார். இப்படி எழுதுகிறவர்கள் குறைவு.

ஆனால் முதுகெலும்பு அரித்த மனிதருக்கு அந்த மூன்று மணி நேரமும் பிளாஸ்டிக் நாற்காலிதான். படுக்கக் கட்டில் கேட்டால் "இன்பேஷன்ட்டுக்கு மட்டும் சார்". அதைக்கூட விடலாம். நான் பில் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு ஒட்டாத கவரை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ரிட்டயர்டு ஹெட்கிளார்க், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிப்பவர். "ஏன்டா, மெட்டாஸ்டேசிஸ்னா என்ன?" என்று கவுன்டர் முன்னால் நின்று கேட்டார். புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவியிருப்பதைத்தான் அப்படி எழுதுவார்கள். அவருக்குத் தெரியக்கூடாது என்று சொல்லவில்லை, ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் பழைய ரத்த ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள், ஒரு தலையணையும். ரிப்போர்ட் வாங்க நீங்கள் மட்டும் போங்கள்.