ரெக்கார்டு நோட்டில் 9.8 எழுதும் முன்: ஃபைஃபாக்ஸ் செயலி விமர்சனம்

தனி ஊசல் ஆய்வில் ஜி-யின் (புவியீர்ப்பு முடுக்கத்தின்) மதிப்பு 9.8 என்று முடியாத ரெக்கார்டு நோட்டைப் பார்ப்பது அரிது. 20 அலைவுக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்ததில் 9.4 வந்தாலும் சரி, 10.3 வந்தாலும் சரி, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கைத் திருத்தி எழுதிவிடுகிறார்கள். இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு கருவிக்கு ஐந்தாறு பேர் நிற்கிறார்கள், நேரம் குறைவு, மதிப்பெண்ணோ கடைசி வரிக்கு. அந்த 9.4 ஏன் வந்தது என்று உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் இடம் தரப்படவில்லை. இயற்பியல் இருப்பது அந்த ‘ஏன்’ என்ற கேள்வியில்தான்.

அந்தக் கேள்வியை ஒவ்வொருவர் கைக்கும் கொண்டுவருகிறது என்பதால்தான் ஃபைஃபாக்ஸ் செயலியை இவ்வளவு அழுத்திப் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழக இயற்பியல் துறையில், செபாஸ்டியன் ஸ்டாக்ஸ் முன்னின்று உருவாக்க, 2016-ல் வெளியானது. ‘ஃபிசிக்கல் ஃபோன் எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ என்பதன் சுருக்கமே பெயர். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப், காந்தமானி, மைக் போன்றவற்றின் அளவீடுகளை அப்படியே கிராஃபாகக் காட்டுகிறது. ‘அப்படியே’ என்ற சொல்தான் இங்கே முக்கியம்.

நிறுவியதும் முதலில் திறக்க வேண்டியது ‘அக்ஸிலரேஷன் வித் ஜி’. போனை மேசையில் மல்லாக்க வைத்து ஓடவிடுங்கள். அசையாமல் கிடக்கும் போன் சுழியத்தைக் காட்டாது, இசட் அச்சில் 9.8-ஐ ஒட்டி ஒரு மதிப்பைக் காட்டும். பலர் இங்கேயே குழம்புவார்கள். உள்ளே இருப்பது சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய நிறை ஒன்று, அதைத் தாங்கும் நுண்ணிய சுருள்வில்கள். வில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைத்தான் சென்சார் சொல்கிறது. மேசை போனைத் தாங்குவதுபோல வில் நிறையைத் தாங்குகிறது, அதனால் 9.8. இதே போனைத் தலையணைமேல் விழவிட்டால், விழும் அந்தக் கண நேரத்துக்குக் கிராஃப் சுழியத்தை ஒட்டி இறங்கும். சமானத் தத்துவத்தை (ஈர்ப்பையும் முடுக்கத்தையும் பிரித்தறிய முடியாது என்பதை) ஒரு பாடவேளை முழுக்க விளக்குவதைவிட இந்த ஒரு பள்ளம் தெளிவாகச் சொல்லிவிடும்.

சரி, 9.8-க்குப் பதில் 9.90 என்று காட்டினால்? போன் கெட்டுவிடவில்லை. அதைக் குப்புறக் கவிழ்த்து மீண்டும் அளந்து பாருங்கள். -9.66 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் 9.78, வித்தியாசத்தில் பாதி 0.12. இந்த 0.12 உங்கள் போனுக்கே உரிய சுழிப்பிழை. மூன்று அச்சுகளுக்கும் இப்படி ஆறு முகங்களையும் திருப்பி அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். கவிழ்க்கும்போது கேமராப் புடைப்பால் போன் சாய்ந்துவிடக் கூடாது, அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துச் சமப்படுத்த வேண்டும். வெர்னியரிலும் திருகு அளவியிலும் சுழிப்பிழை பார்ப்பதுபோலத்தான் இதுவும். ஆனால் வெர்னியரில் பெரும்பாலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிற சுழிப்பிழை இங்கே ஒவ்வொரு போனிலும் உண்மையாகவே இருக்கிறது.

இனி ஊசல். செயலியில் ‘பெண்டுலம்’ என்ற ஆய்வு கைரோஸ்கோப்பைக் கொண்டு அலைவு நேரத்தைத் தானே கணக்கிடுகிறது. போனையே குண்டாகத் தொங்கவிட வேண்டும். ஒற்றை நூலில் கட்டினால் போன் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு சுழலும், அலைவுநேரம் தாறுமாறாகக் குதிக்கும். இரண்டு நூலை வி வடிவில் மேலே அகலமாகக் கட்டினால் ஒரே தளத்தில் ஆடும். 1 மீட்டர் நீளத்துக்கு அலைவுநேரம் ஏறத்தாழ 2.01 விநாடி வர வேண்டும். நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து போனின் புவியீர்ப்பு மையம்வரை அளக்க வேண்டும், நூல் முடியும் இடம்வரை அல்ல. போனை ஸ்கேல் விளிம்பில் சமனாக நிறுத்தி அந்த மையத்தைக் கண்டுபிடிக்கலாம். இதில் 1 செ.மீ. தவறினால் ஜி-யில் 1 சதவீதம் போய்விடும். வீச்சுக் கோணம் 10 பாகைக்குள் இருந்தால் அலைவுநேரப் பிழை 0.2 சதவீதம்கூட இல்லை, 30 பாகைக்கு இழுத்துவிட்டால் 1.7 சதவீதம்.

இன்னொன்றையும் செயலி சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன் புள்ளி நிறை அல்ல, 16 செ.மீ. நீளப் பட்டை. நெடுக்காகத் தொங்கவிட்டு அந்தத் தளத்திலேயே ஆட்டினால் அதன் சுழற்சி நிலைமமும் (சுழற்றுவதை எதிர்க்கும் தன்மையும்) சேர்ந்துகொள்ளும். 1 மீட்டர் நூலில் அதன் பங்கு 0.2 சதவீதம்தான். நூலை 30 செ.மீ.க்குக் குறைத்தால் 2.4 சதவீதமாகிவிடும், ஜி 9.55 பக்கம் இறங்கிவிடும். ‘நீளம் குறையக் குறைய ஜி ஏன் குறைகிறது?’ என்று ஒரு மாணவி தன் அட்டவணையைப் பார்த்துக் கேட்டால், அந்தத் தவறான விடைக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஒலியை வைத்துச் செய்யும் ஆய்வுகள்தான் இந்தச் செயலியின் பலம் என்று தோன்றுகிறது. முடுக்கமானி பெரும்பாலான போன்களில் விநாடிக்குச் சில நூறு முறைக்கு மேல் அளப்பதில்லை. மைக்கோ 48,000 முறை அளக்கிறது. ‘இன்எலாஸ்டிக் கொலிஷன்’ ஆய்வில் ஒரு பந்தைக் கீழே போட்டால் போதும், தரையில் மோதும் சத்தங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை எடுத்து ஒவ்வொரு துள்ளலின் உயரத்தையும் மிஞ்சிய ஆற்றலையும் தந்துவிடும். இரண்டு மோதலுக்கு நடுவே 0.60 விநாடி என்றால் பந்து 44 செ.மீ. எழும்பியிருக்கிறது. கிரானைட் தரையில் கோலிக்குண்டு போட்டால் சத்தம் கூர்மையாக வரும். பாயில் ரப்பர் பந்து போட்டால் மூன்றாவது துள்ளலிலேயே சத்தம் செயலி உணரும் வரம்புக்குக் கீழே போய்விடும். முதலில் எந்த உயரத்திலிருந்து போட்டோம் என்பதையும் செயலி சொல்கிறது. ஆனால் கைவிட்ட கணத்தில் சத்தம் எதுவும் இல்லை, ஆகவே எல்லா மோதலிலும் ஒரே பங்கு ஆற்றல்தான் இழக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. டேபிள் டென்னிஸ் பந்தில் காற்றின் தடை இந்த ஊகத்தைக் கெடுக்கும். ஸ்கேலால் அளந்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு கெடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒலியின் வேகத்துக்கு இரண்டு போனும் இரண்டு பேரும் வேண்டும். இரண்டிலும் ‘அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்’ திறந்து, சரியாக 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். முதல் ஆள் தன் போனருகே ஒருமுறை கைதட்ட இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும், தூரத்துப் போனில் மட்டும் சற்றுத் தாமதமாக. சில விநாடி கழித்து இரண்டாம் ஆள் தட்ட, இரண்டும் நிற்கும். இப்போது தாமதம் முதல் போனில். இரண்டு நேரங்களின் வித்தியாசம் ஒலி 10 மீட்டர் கடக்க எடுத்த நேரம். 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், எனவே 28 அல்லது 29 மில்லிவிநாடி வர வேண்டும். தவறுவது எங்கே? வரம்பு மிகத் தாழ்வாக இருந்தால் பேச்சுச் சத்தமே கடிகாரத்தைக் கிளப்பிவிடும். மிக உயர்வாக இருந்தால் 5 மீட்டர் தள்ளி வரும் தட்டலை உணராது. குறைந்தபட்சத் தாமதத்தை 0.1 விநாடி அளவில் வைக்காவிட்டால் முதல் தட்டலின் எதிரொலியே கடிகாரத்தை நிறுத்திவிடும். கைக்குப் பதில் இரண்டு மரக்கட்டையை மோதுவது மேல். மொட்டைமாடியில் காற்று வீசினாலும் கவலையில்லை, ஒலி இரு திசையிலும் போவதால் அது ஏறத்தாழ ரத்தாகிவிடுகிறது.

அடுக்களைக்கு, ஒலியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ‘ஆடியோ ஸ்பெக்ட்ரம்’. மிக்ஸி வெறுமனே நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடினால் 300 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் சிகரங்கள் எழும். தேங்காயைப் போட்டதும் அவை மொத்தமாக இடப்பக்கம் நகரும், அரைபட அரைபட மெல்லத் திரும்பி வரும். மோட்டார் சுமையில் திணறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே ஒரு படத்துக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,048 என்றால் 23 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த வேறுபாடு தெரியாது. 32,768 என்றால் 1.5 ஹெர்ட்ஸ்வரை பிரித்துக் காட்டும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் 0.7 விநாடி பிடிக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. வாஷிங் மெஷினுக்கு இதே வேலையை ‘அக்ஸிலரேஷன் ஸ்பெக்ட்ரம்’ செய்யும். நிமிடத்துக்கு 700 சுற்று 12 ஹெர்ட்ஸுக்கும் குறைவுதான், முடுக்கமானிக்கு எளிது. இருபக்க ஒட்டுநாடாவால் போனை மூடியில் ஒட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

காந்தமானி, ஆஹனில் எழுதிய கையேட்டுக்கு மாறான விடையைத் தமிழ்நாட்டில் தரும். அங்கே புவிக்காந்தப் புலம் மிகச் சரிவாகத் தரைக்குள் பாய்கிறது. காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போவதால் இங்கே அது கிட்டத்தட்டப் படுக்கையாகவே இருக்கிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் இதே காந்த நடுக்கோடுதான் காரணம். மொத்த அளவு 40 மைக்ரோ டெஸ்லா சுற்றி வர வேண்டும். 60 வந்தால் போன் உறையின் காந்தப் பூட்டைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரையும் இரும்புக் கட்டிலையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். ஆண்ட்ராய்டில் அளந்துகொண்டிருக்கும்போதே போன் தன்னைத் தானே அளவுத்திருத்தம் செய்துகொள்ளும், கிராஃப் திடீரென ஒரு படி ஏறும். திருத்தப்படாத மதிப்பைக் காட்டும் வசதி செயலியில் உண்டு, ஒப்பீட்டு அளவீட்டுக்கு அதைப் பயன்படுத்துங்கள். பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் பாயும் நேர்க்கம்பியிலிருந்து 2 செ.மீ. தள்ளி 20 மைக்ரோ டெஸ்லா கூடும். அளக்கும் தூரம் சென்சார்வரையிலானது, போனின் விளிம்புவரை அல்ல. ஒரு குண்டூசியைப் போன்மேல் நகர்த்திப் பார்த்தால் சென்சார் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டு மின்சாரக் கம்பியில் இதை முயலவே வேண்டாம். ஆபத்து ஒருபுறம், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை இந்தச் சென்சாரால் ஒழுங்காகப் பின்தொடரவும் முடியாது.

அழுத்தமானி எல்லாப் போனிலும் இல்லை, விலை குறைந்த மாடல்களில் அநேகமாக இருக்காது. இருப்பவர்கள் லிஃப்டில் ஏறிப் பார்க்கலாம், ஒரு மாடிக்கு 0.35 ஹெக்டோபாஸ்கல் போல இறங்கும். அதைவிட அருமையான ஒன்று உண்டு. போனை நகர்த்தாமல் ஒரே மேசையில் வைத்து, மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடச் சராசரியைக் குறித்து வாருங்கள். மழை, புயல் இல்லாத நாளில் காலை 10 மணியளவில் ஏறி, மாலை 4 மணியளவில் இறங்கி, இரவு 10 மணிக்கு மீண்டும் ஏறும். வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் காற்றுக்கடலின் ஓதம் (ஏற்றவற்றம்) இது. வெப்பமண்டலத்தில் சில ஹெக்டோபாஸ்கல் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவில் வானிலை மாற்றத்துக்குள் மறைந்துவிடுகிறது.

குறைகளுக்கு வருவோம். ‘அக்ஸிலரேஷன் வித்தவுட் ஜி’ உண்மையான சென்சார் அல்ல, பல சென்சார்களைக் கலந்து போன் போடும் கணக்கு. அதைத் தொகையிட்டுப் பேருந்து போன தூரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் இறங்குகிறார்கள். 0.05 சுழிப்பிழை இருந்தால் போதும், 10 விநாடியில் தூரம் இரண்டரை மீட்டர் தவறும், ஒரு நிமிடத்தில் 90 மீட்டர். ஐபோனில் ஒளிச் சென்சாரைப் பயன்படுத்த வழியே இல்லை. ஒலி அளவு டெசிபலில் தெரிந்தாலும் வேறொரு மீட்டரோடு ஒத்துப்பார்க்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பெரிய குறை வேறு. ஆயத்த ஆய்வுகள் விடையைப் பெரிய எழுத்தில் காட்டுகின்றன, பிழை வரம்பைக் காட்டுவதில்லை. 9.76 என்று திரையில் பார்த்ததும் அதை நோட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடத் தோன்றும், பழைய நோய் புது வடிவில் திரும்பிவிடும். ஆகவே ஒரே அளவீட்டைப் பத்து முறை எடுங்கள். எண்களை எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றுமதி செய்து பரவலைப் பாருங்கள். தொடக்கப் பொத்தானை அழுத்தும் விரலே போனை ஆட்டும் என்பதால் ‘டைம்ட் ரன்’ மூலம் 3 விநாடி தாமதம் கொடுங்கள். ‘ரிமோட் ஆக்சஸ்’ போட்டால் கணினி உலாவியிலிருந்தே இயக்கலாம், தொங்கும் போனைத் தொட வேண்டியதே இல்லை. கல்லூரி வைஃபையில் இது பெரும்பாலும் இணையாது, ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க அங்கே தடை இருக்கும். போனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்தால் சரியாகிவிடும்.

ஆய்வக வாசலிலேயே போனை வாங்கி வைக்கும் கல்லூரிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. அளப்பதற்கு இணையமோ சிம்மோ இந்தச் செயலிக்குத் தேவையில்லை, ஏரோப்ளேன் மோடிலும் இந்த ஆய்வுகள் அத்தனையும் ஓடும். அளவீட்டின் நடுவே அழைப்பு வந்தால் அந்த அதிர்வு முடுக்கமானிக் கிராஃபில் ஏறிவிடும் என்பதால், எப்படியும் அந்த மோடில்தான் போட்டு அளக்க வேண்டும்.