பாட்டியின் முகமும் பிளெண்டரும்

பாட்டியின் முகத்தைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் செதுக்கி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. சிற்பத் தூரிகைகள் கைக்கு இதமானவை. ஆனால் இந்த மென்பொருளின் பலம் தோலில்தான் தெரிகிறது. ஒளி தோலுக்குள் ஊடுருவிச் சிதறும் தூரத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே வைக்கலாம். தொடக்க அளவுகளே 1.0, 0.2, 0.1. சிவப்புதான் ஆழம் போகும். விளக்கைத் தலைக்குப் பின்னால் நகர்த்தினேன்; காது மடல் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. களிமண் பொம்மை பாட்டியானது அந்த நொடியில்தான்! கீழிமைக்கும் விழிக்கும் இடையே மெல்லிய ஈரக்கோட்டைத் தனி வடிவமாகச் சேர்த்ததும் பார்வைக்கும் உயிர் வந்தது. நரைமுடிதான் பொறுமையைச் சோதித்தது. 2023இல் வந்த 3.5 பதிப்பின் முடிக் கருவிகள் இல்லையென்றால் பாதியில் விட்டிருப்பேன். இத்தனையும் இலவசம் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. நேற்று தாத்தாவைத் தொடங்கிவிட்டேன்.