ஒரே பெயர், இரண்டு யூனிட்: பாஸ்கலில் எந்த வழி?

பாஸ்கல் மொழியின் ஒரு வடிவமான டெல்ஃபியில் ஒரு ஃபோல்டரின் ஃபைல்களைத் தேடும் லூப். நேற்றுவரை ஓடியது, இன்று தேடலை முடிக்கும் ஃபைண்ட்குளோஸ் வரியில் 'டைப் பொருந்தவில்லை' என்று நிற்கிறது. அந்த வரியை யாரும் தொடவில்லை. புரோகிராம் பயன்படுத்தும் யூனிட்களை (தனித்தனிக் கோடு தொகுப்புகளை) வரிசையாகச் சொல்லும் யூசஸ் பட்டியலின் கடைசியில் விண்டோஸ் யூனிட்டைச் சேர்த்தோம், அவ்வளவுதான்.

ஃபைண்ட்குளோஸ் ஏற்கெனவே பட்டியலில் இருந்த சிஸ்யூட்டில்ஸ் யூனிட்டிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. முன்னது தேடல் விவரங்களை வைத்திருக்கும் டிசர்ச்ரெக் ரெக்கார்டைக் கேட்கும், பின்னது ஹேண்டிலை, அதாவது தேடலுக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்ணை. பெயர் மோதினால் பட்டியலில் பிந்தி வரும் யூனிட்தான் ஜெயிக்கும்.

சரி, வரிசையை மாற்றிவிடலாமா? ஒரு நொடி வேலை. ஆனால் அந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது என்று அடுத்து வருபவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கில அகரவரிசையில் அழகாக அடுக்கினாலே சிஸ்யூட்டில்ஸ் முன்னே போய், விண்டோஸ் மறுபடி கடைசிக்கு வந்துவிடும். எர்ரர் வந்தால்கூட அதிர்ஷ்டம் என்பேன். ஃபைலை அழிக்கும் டெலீட்ஃபைலும் இரண்டு யூனிட்டிலும் இருக்கிறது. ஃபைல் பெயரை நேரடியாக மேற்கோளுக்குள் கொடுத்தால் இரண்டுமே சத்தமில்லாமல் கம்பைல் ஆகும், எது மாறியது என்றே தெரியாது.

பெயருக்கு முன்னொட்டு வைப்பது பழைய வழி. 1987-இல் டர்போ பாஸ்கல் 4 யூனிட்டைக் கொண்டுவரும்வரை, கோடுக்குள் அப்படியே ஒட்டப்படும் இன்க்ளூட் ஃபைல்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு வேறு கதி இல்லை. இன்றும் சொந்தக் கோடில் செய்யலாம். அடுத்தவர் யூனிட்டில் முடியாது.

என் ஓட்டு, யூனிட் பெயரை முன்னே போட்டு வைக்கும் புள்ளிக்குத்தான்: சிஸ்யூட்டில்ஸ்.ஃபைண்ட்குளோஸ். வரியைப் படிக்கும்போதே எது என்று தெரிகிறது, பட்டியல் எப்படிப் புரண்டாலும் கவலையில்லை. வரிசை கைகொடுக்காத இடத்திலும் இது கைகொடுக்கும். ஃபார்ம் என்ற ஜன்னலின் மெத்தடுக்குள் ஃபைலை மூட குளோஸ் என்று எழுதினால் கம்பைலர் ஃபார்மின் குளோஸைத்தான் பிடிக்கும், ஏனென்றால் ஃபார்மின் கிளாஸ் மற்ற யூனிட்டைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே சிஸ்டம் என்ற அடிப்படை யூனிட்டின் பெயரைப் போட்டு சிஸ்டம்.குளோஸ் என்று எழுத வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே டெல்ஃபியில் குளோஸ்ஃபைல், அசைன்ஃபைல் என்ற மாற்றுப் பெயர்கள் வந்தன. பார்த்தால் அதுவும் ஒருவகை ஒட்டு வேலைதான்!

வடிவமைப்பில் என்னைக் கவர்ந்தது எக்ஸ்டெண்டட் பாஸ்கலின் (ஐஎஸ்ஓ 10206 தரநிலை) மாட்யூல், அங்கே யூனிட்டின் இடத்தில் இருப்பது. இம்போர்ட் செய்யும் இடத்திலேயே 'குவாலிஃபைட்' என்றால் புள்ளி கட்டாயம், 'ஒன்லி' என்றால் கேட்ட பெயர் மட்டும் உள்ளே வரும், வேண்டுமானால் வேறு பெயரும் சூட்டலாம். ஆனால் அதை ஆதரித்த குனூ பாஸ்கல் கம்பைலரின் வளர்ச்சி நின்று பல வருடமாகிறது. அதனால் டெல்ஃபியிலும் ஃப்ரீ பாஸ்கலிலும், மோதும் பெயர்களுக்கு மட்டும் புள்ளி வைத்து எழுதுகிறேன். திரையில் வரி எழுதும் ரைட்எல்என்னுக்கெல்லாம் சிஸ்டம் போட்டால் கை வலிக்கும்.