ஒழுகும் மீன்தொட்டிக்குள் ஒரு கொறங்காடு

திருப்பூரில் பொம்மை சேர்ப்பவனுக்கு முதல் எதிரி பஞ்சு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள். காலையில் துடைத்த அலமாரியில் மாலையில் விரலை இழுத்தால் கோடு விழும். ஆடி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சாதாரணத் தூசியைப் போல ஊதினால் பஞ்சு போய்விடாது. முழங்கை மூட்டில், முகமூடி ஓரத்தில், அங்கியின் மடிப்பில் புகுந்து குடியேறிவிடும். நான்கு ஆண்டுகளாக ஆறு அங்குல ஆக்‌ஷன் பொம்மைகளுக்கு டியோராமா, அதாவது பொம்மைகளை நிறுத்திவைக்கும் குட்டிக் காட்சி அமைப்பு, வாங்கியும் செய்தும் பார்த்துவிட்டேன். காட்சிக்குக் கொட்டிய பணத்தில் பாதியை மூடிக்கு முதலிலேயே போட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

ஆரம்பத்தில் இணையத்தில் ‘இடிந்த நகரம்’ என்ற ரெசின் சுவரை 1,850 ரூபாய்க்கும், குட்டி மரங்கள் இருபதை 450 ரூபாய்க்கும் வாங்கினேன். படத்தில் கம்பீரமாக இருந்தன. வந்து சேர்ந்த சுவரில் கதவின் உயரம் 11 சென்டிமீட்டர். என் பொம்மையின் உயரம் 15. அந்தச் சுவர் 3¾ அங்குலப் பொம்மைகளுக்கானது, அதாவது நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்கு, 1:18 அளவு. 1982-இல் ஹாஸ்ப்ரோ அந்த உயரத்தில் கொண்டுவந்து, பின்னர் நம் நாட்டில் ஃபன்ஸ்கூல் தயாரித்து விற்ற ஜி.ஐ. ஜோவைச் சேர்ப்பவர்களுக்குச் சரியாக இருக்கும். மார்வெல் லெஜண்ட்ஸ் போன்ற ஆறு அங்குலப் பொம்மைகள் 1:12. இதற்குக் கணக்கு எளிது: நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். ஏழடிக் கதவு ஏழு அங்குலம் இருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் முக்கால் அங்குலம். வாங்கும் முன் கதவின் உயரத்தை மட்டும் கேளுங்கள். ‘எல்லாப் பொம்மைக்கும் பொருந்தும்’ என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். மரங்களோ ரயில் மாடல் செய்பவர்களின் 1:87 அளவு. எட்டு சென்டிமீட்டர் மரம் என் பொம்மைக்கு இடுப்பளவுச் செடி.

அடுத்தது தெர்மாகோல். டிவி பெட்டியோடு வந்தது, காசில்லை. பாறைபோலச் செதுக்கி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் கரைந்து குழியானது. பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். வேறொன்றைச் செதுக்கி, பெவிகால் பூசி, மேலே சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைத் தடவினேன். பாறை அருமையாக வந்தது. எட்டு மாதம் கழித்து, அதில் சாய்ந்து நின்ற பொம்மையை எடுத்தபோது ரப்பர் போன்ற அங்கி ஒட்டிக்கொண்டு வந்தது. பூச்சு படாத ஓரத்தில் பாறையும் இளகியிருந்தது. அங்கியின் பி.வி.சி. பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறி தெர்மாகோலை உருக்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் இன்னும் வேகம். அங்கியில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. தெர்மாகோலைப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளலாம், பொம்மை தொடும் இடத்துக்கு ஆகாது.

மூடிக்கு வருகிறேன். விளக்கோடு வரும் ஆயத்த அக்ரிலிக் பெட்டி பார்வைக்கு முதல் தரம்தான். இரண்டு பொம்மை நிற்கும் பெட்டிக்கே மூவாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். துடைக்கத் துடைக்கக் கீறல் விழுகிறது. துணியால் தேய்த்ததும் மின்னேற்றம் ஏறி, பஞ்சை அதுவே இழுத்துக்கொள்கிறது. கண்ணாடிக் கதவு அலமாரி பரவாயில்லை, ஆனால் கதவிடுக்கு வழிவிடும். மூன்றாவது வழி தற்செயலாகக் கிடைத்தது. மகளோடு வண்ண மீன் கடைக்குப் போனபோது மூலையில் இரண்டடிக்கு ஓரடித் தொட்டி ஒன்று கிடந்தது. ஒழுகுகிறது என்றார் கடைக்காரர். 300 ரூபாய்க்குக் கேட்டேன். “ஒழுகுகிற தொட்டியை வைத்து என்னங்க செய்வீர்கள்?” என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கவிழ்த்து வைத்தேன், அவ்வளவுதான். கீழே பிளைவுட் பலகை, பலகைமேல் காட்சி, அதன்மேல் தலைகீழாகத் தொட்டி. உள் உயரம் ஏறக்குறைய ஓரடி. இரண்டு அங்குல மேட்டில் நின்று பொம்மை கையைத் தூக்கினாலும் இடிக்காது. கதவுமில்லை, இடுக்குமில்லை. கண்ணாடி விளிம்பு பலகையில் உட்காரும் இடத்தில் மட்டும் பனியன் வேஸ்ட் துணியை நான்காக மடித்துப் பட்டையாக ஒட்டினேன். காற்றே புகாமல் அடைத்தால் பிளாஸ்டிசைசர் உள்ளேயே தங்கிப் பொம்மை பிசுபிசுக்கும். துணிப்பட்டை காற்றை விடுகிறது, பஞ்சை விடுவதில்லை. வாரந்தோறும் தூரிகையும் கையுமாக உட்கார்ந்தவன், இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தொட்டியைத் தூக்குகிறேன். எங்களுக்குச் சோறு போடுவதும் அந்தப் பஞ்சுதான். அதன் கழிவுத் துணியே அதைத் தடுத்து நிறுத்துவதில் எனக்கொரு அற்ப மகிழ்ச்சி.

உள்ளே எதை வைப்பது? சுவரும் ஜன்னலும் அளவு தவறினால் உடனே காட்டிக்கொடுக்கும். மண்ணுக்கும் கல்லுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. உள்ளங்கைக் கல் எந்தப் பொம்மைக்கும் பாறைதான். இது புரிந்ததும் நகரத்தை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்து வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு வந்துவிட்டேன். காங்கேயம், மூலனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே குடை பிடித்தாற்போல வெள்வேல மரம். என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) ஊர் அந்தப் பக்கம். ஒரு பை செம்மண், ஓடைக் கற்கள், காய்ந்த கிளுவைக் குச்சிகள் எடுத்துவந்தேன். பூச்சி வராமலிருக்க மண்ணைச் சலித்து, சமையலறை வாணலியில் வறுத்தேன். (அதற்கு வீட்டில் கிடைத்த மரியாதையை எழுதவில்லை.) பெவிகாலில் சரிபாதி தண்ணீர் கலந்து பலகையில் தடவி, முதலில் பருமணல், கடைசியில் மாவு போன்ற புழுதி. புல்லுக்குப் பொள்ளாச்சித் தேங்காய் நார்; ஓரங்குலமாக நறுக்கிக் கொத்துக் கொத்தாக நட்டால் கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லேதான்.

மண்ணை வறுத்த நான் குச்சிகளை அப்படியே வைத்துவிட்டேன். மூன்றாம் மாதம் வேலியடியில் மாவு மாவாகக் கொட்டியது, உளுத்துவிட்டது. இரண்டாம் முறை, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் போட்டு, வார்னிஷில் முக்கி எடுத்தேன். பிறகு கொட்டவில்லை.

வீணாய்ப்போன ரயில் மரங்களுக்கும் வேலை கிடைத்தது. பின்னணிப் படத்தை ஒட்டி வைத்தால் அவை தூரத்து மரங்கள். ஓரடி ஆழம் அரை மைலாகிவிடுகிறது. பின்னணி, சாலையோரம் நின்று நானே எடுத்த சிவன்மலைப் படம். ஃபிளெக்ஸில் அச்சடித்தால் பளபளக்கும்; பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு சன்போர்டு என்ற கனமில்லாத பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி நிறுத்தினேன். அடிவானம் பொம்மையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். விளக்கு, யு.எஸ்.பி.யில் எரியும் எல்.இ.டி. பட்டை, கண்ணாடிக்கு வெளியே, கீழே ஒரு டிரேசிங் தாளோடு. மலையும் கண்ணாடிப் பெட்டியுமாகப் பார்த்த அத்தைக்குச் சிவன்மலை உத்தரவுப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது. பக்தர் கனவில் வந்த பொருளை அங்குள்ள முருகன் கோயிலில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள் அல்லவா? கிளுவை வேலியருகே நிற்கும் பேட்மேனைக் காட்டி, “இந்தக் கறுப்பு ஆள் யார் கனவில் வந்தான்?” என்று கேட்டார்.

தொட்டி 300, பலகை 250, விளக்கு 200, அச்சு 120, பெயின்ட் பெவிகால் வகையறா 150. ஆக 1,020 ரூபாய். குறைகளும் உண்டு. மூலைகளில் சிலிகான் கறை தெரிகிறது. ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பொம்மைக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். கோடையில் மூட்டுகள் இளகிப் பொம்மைகள் சாய்கின்றன. உள்ளங்கால் துளைக்குள் செல்லுமாறு பலகையில் குச்சி நட்ட பிறகுதான் நின்றன. பெரிய குறை எடை. ஏழெட்டுக் கிலோ கண்ணாடியைப் புல் கலையாமல் நேராகத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நாளுக்கொரு நிலையில் பொம்மையை மாற்றி நிறுத்துபவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் முன்பக்கம் திறக்கும் பெட்டிக்கே பணம் சேர்க்கலாம்.

சென்ற தைப்பூசத் தேர்க்கடையில் மகள் ஒரு பிளாஸ்டிக் காளை வாங்கினாள். கொறங்காடு என்றால் காங்கேயம் காளை இல்லாமலா என்று அவளே உள்ளே வைத்துவிட்டாள். உயரம் இரண்டரை அங்குலம். 1:12 கணக்குப்படி கன்று, ஆனால் கொம்பு மட்டும் முழுக் காளைக்குரியது. எடுத்துவிடலாம் என்றால், தொட்டியின் மறுமுனையைப் பிடிக்க அவள்தான் வர வேண்டும்.