பன்ட்: முழுதாகத் திரும்பி நிற்பதா, இருந்த இடத்திலேயே சுழல்வதா?

சாஃப்ட்பாலில் பன்ட் (பேட்டை வீசாமல், பந்தை அதில் படவிட்டு அருகிலேயே உருளவைப்பது) பழகுபவருக்கு இரண்டு நிலைகள் உண்டு. கால்களை நகர்த்தி, இரண்டு பாதமும் பந்து வீசும் பிட்சரைப் பார்க்கும்படி முழுதாகத் திரும்பி நிற்பது ஒன்று. கால்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பாதத்தின் முன்பகுதியில் சுழன்று இடுப்பையும் தோளையும் திருப்புவது இன்னொன்று. வேகப்பந்து ஆட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன். மெதுவாக, உயரே வளைத்து வீசும் ஸ்லோபிட்சில் பன்ட் செய்தாலே அவுட்.

முழுதாகத் திரும்புவதில் ஒரு வசதி, பந்து நேராகக் கண்ணுக்கு வருகிறது. பேட்டும், பந்து கடக்க வேண்டிய பிளேட்டின் வெளி ஓரம் வரை எட்டும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் உடம்பை நோக்கி வரும் பந்திலிருந்து விலகுவதும் இந்த நிலையில்தான் சிரமம். திரும்பும் அவசரத்தில் ஒரு பாதம் முழுதாக, அடிப்பவர் நிற்க வேண்டிய கட்டமான பாக்ஸுக்கு வெளியே ஊன்றியிருக்கும்போது பேட்டில் பந்து பட்டால் அவுட். எல்லாவற்றையும்விட, நம் எண்ணம் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 60 அடிதான்; முதல், மூன்றாம் பேஸ்காரர்கள் அதற்குள் பாதி தூரம் ஓடி வந்திருப்பார்கள்.

சுழலும் முறையில் கடைசி நேரம் வரை சாதாரணமாக அடிக்கப்போவது போலவே நிற்கலாம். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்பது 43 அடியில். நல்ல வேகத்தில் வீசினால் பந்து வந்துசேர அரை நொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் கால் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. சுழன்று நின்றால் பேட்டைப் பின்னிழுத்து அடிக்கவும் முடியும், ஓட முதல் அடியும் தயாராக இருக்கும். குறை என்றால் வெளி ஓரப் பந்துதான். பிளேட்டுக்குக் கொஞ்சம் நெருங்கி, பாக்ஸின் முன்பக்கமாக நின்றால் அதுவும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதியவர்கள் பந்தைத் தவறவிடுவது பாதத்தால் அல்ல, கையால். மேல்கை பேட்டின் பருத்த பகுதிக்கு நகர வேண்டும். விரல்கள் பின்புறம் ஒளிந்திருக்க வேண்டும், முன்னால் சுற்றிப் பிடித்தால் நசுங்கும். பேட்டின் தலை கையைவிடச் சற்று உயரத்தில், ஸ்ட்ரைக் ஸோனின் (இங்கே வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக், அதாவது ஒரு வாய்ப்பு போகும்) மேல்விளிம்பில் இருக்கட்டும். அதற்கு மேலே வருவதை விட்டுவிடலாம். தாழ்ந்த பந்துக்கு முழங்காலை மடக்குங்கள், பேட்டின் தலையைத் தொங்கவிடாதீர்கள். மேலெழும் ரைஸ் பந்துக்குத் தொங்கவிட்டால் பந்து வானத்தில்தான். பன்ட்டுக்கு இன்ஃபீல்டு ஃப்ளை விதி (சில நிலைமைகளில் எளிதான உயரப் பந்துக்கு, பிடிக்கும் முன்பே அடித்தவரை அவுட் என்பது) பொருந்தாது என்பதால், சமயோசிதமான ஃபீல்டர் பந்தைப் பிடிக்காமல் தரையில் விழவிட்டே இரண்டு பேரை அவுட்டாக்கப் பார்ப்பார். பந்தைத் தள்ளவும் வேண்டாம், அதுவே வந்து படட்டும். வலக்கை ஆட்டக்காரர் கீழ்க்கையால் பிடியை உடம்புப் பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ் பக்கம் போகும். முன்னே தள்ளினால் முதல் பேஸ் பக்கம்.

தன்னை அவுட்டாக்கிக்கொண்டு சக ஆட்டக்காரரை நகர்த்தும் தியாக பன்ட்டில் எதிரணிக்கு எப்படியும் விஷயம் தெரியும். அங்கே முழுதாகத் திரும்புவதால் பெரிய நஷ்டமில்லை. தானே பேஸ் பிடிக்க ஓடும் டிராக் பன்ட்டில் அந்த நிலைக்கு வேலையே இல்லை. ஒன்றைத்தான் பழக நேரமிருக்கிறது என்றால் சுழலும் முறைதான் என் தேர்வு, அது இரண்டுக்கும் உதவும். பந்துக்குப் பயப்படுபவர் மட்டும் மெதுவான வீச்சுக்கு முழுதாகத் திரும்பிப் பழகிவிட்டு, அப்புறம் மாறிக்கொள்ளலாம். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பின் எந்த நிலையும் வேண்டாம்: பன்ட் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் ஃபவுலானால் அதோடு அவுட்.