வெள்ளொளியில் சூரியன்: ஃபிலிமும் ஹெர்ஷல் வெட்ஜும் நெடுநாள் புழக்கத்தில்

80 மி.மீ. வாயும் (முன்லென்ஸின் விட்டம்) 560 மி.மீ. குவியத்தூரமும் உள்ள லென்ஸ் தொலைநோக்கி, அதன் முன்பக்கம் மாட்டும் சூரிய ஃபிலிம் எனும் ஒளி குறைக்கும் வெள்ளித் தாள், அல்லது பின்பக்கம் செருகும் ஹெர்ஷல் வெட்ஜ் எனும் ஆப்புவடிவக் கண்ணாடி. சூரியனின் மேற்பரப்பைக் கண்ணால் பார்க்க இவ்வளவு போதும். இவற்றை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் புழங்கியதில் உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காலை எட்டு மணிக்குப் புல்தரையில் வைத்துப் பார்க்கும் ஃபிலிம், உச்சிவெயிலில் சிமெண்ட் தளத்தில் வைத்துப் பார்க்கும் வெட்ஜைவிட அதிகம் காட்டும். விலை கூடிய கருவிக்குப் போகும் முன் இடத்தையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள்.

ஃபிலிம் வாங்கும்போது அடர்த்தி எண்ணைக் கட்டாயம் பாருங்கள். கண்ணால் பார்க்க 5.0 மட்டுமே. அது லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். 3.8 என்று இன்னொன்றும் விற்கிறது. அது கேமராவுக்கானது, ஏறத்தாழ பதினாறு மடங்கு கூடுதல் ஒளியை விடும். பார்வைக்கு இரண்டுமே வெள்ளித் தாள்தான் என்பதால், மாட்டும் வளையத்தின் மேலேயே எண்ணை எழுதி வைப்பது நல்லது.

ஏ4 அளவுத் தாளில் 80 மி.மீ. தொலைநோக்கிக்கு வளையம் செய்து மிச்சமும் இருக்கும். தடித்த அட்டையில் இரண்டு வளையங்கள் வெட்டி, ஒன்றில் இருபக்க டேப் ஒட்டி, மேசையில் மெல்லிய காகிதம் விரித்து அதன்மேல் ஃபிலிமைப் பரப்பி, வளையத்தை மேலிருந்து இறக்கினால் போதும். ஃபிலிமை இழுத்து முறுக்காதீர்கள், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பறைத்தோல் போல விறைப்பாக இழுத்த ஃபிலிம் பிம்பத்தைக் கோணலாக்கும், சூரியக் கரும்புள்ளியின் ஓரங்கள் ஒரு பக்கமாகக் கசியும். லேசான அலைகளோடு தளர்ந்து கிடக்கும் ஃபிலிமுக்கு அந்தக் குறை வராது. குழாயைப் பிடிக்கும் அட்டைக் கழுத்து ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். உள்ளே வெல்வெட் பட்டை ஒட்டி, வெளியே மூன்று இடத்தில் டேப் போட்டு இறுக்குங்கள். ஒரே ஒரு காற்றுவீச்சில் வளையம் கழன்று விழுந்தால் அந்தக் கணத்தில் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இருக்கும் கண் திரும்ப வராது.

ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் இருட்டறையில் பளிச்சென்ற விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை, மடிப்புக் கோடு, பூச்சு உரிந்த இடம் எது தெரிந்தாலும் புதிது போடுங்கள். தூசியைத் துணியால் துடைக்கக் கூடாது, ரப்பர் பல்பால் ஊதினால் போதும். கடலோர ஊர்களில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்காத ஃபிலிமில் பூச்சு சீக்கிரம் புள்ளிபுள்ளியாகக் கெடுகிறது. கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும், ஐபீஸில் திருகும் பழைய கறுப்புக் கண்ணாடி வடிகட்டியும் அறவே கூடாது. குவிந்த வெப்பம் முந்தையதைப் பொசுக்கிவிடும், பிந்தையதை விரிசல் விடச் செய்யும். ஃபைண்டர் எனும் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள். சூரியனைப் பிடிக்க அது தேவையில்லை. குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிய வட்டமாகச் சுருங்கும்வரை நகர்த்தினால் சூரியன் ஐபீஸுக்குள் வந்துவிடும்.

ஃபிலிமில் சூரியன் வெள்ளையாக, மிக லேசான நீலச் சாயலோடு தெரியும். ஓரம் மங்கி நடு பிரகாசிப்பது முதல் பார்வையிலேயே புலப்படும். ஓரத்தில் நாம் பார்ப்பது மேலடுக்கின் சற்றே குளிர்ந்த வாயு, நடுவில் ஆழத்தின் சூடான வாயு. அந்த மங்கலான ஓரத்தில்தான் ஃபேக்குலா எனும் வெண்திட்டுகள், காய்ந்த பாலாடை போல் நரம்போடித் தெரியும். வட்டின் நடுவே அவற்றைத் தேடிப் பயனில்லை. நீல ஒளியில் அவற்றின் வேறுபாடு கூடுவதால், இந்த ஒன்றில் மட்டும் பச்சை வடிகட்டி போட்ட வெட்ஜைவிட வெறும் ஃபிலிம் எங்களுக்கு அதிகம் காட்டியிருக்கிறது.

வெட்ஜ் வேலை செய்யும் விதம் எளிது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ ஐந்து சதவீத ஒளியை மட்டும் ஐபீஸ் பக்கம் திருப்பும், மீதி 95 சதவீதமும் பின்னால் போய்விடும். இரண்டாவது பரப்பு சாய்வாக இருப்பதால் அதன் எதிரொளி பார்வைக்கு வெளியே விலகிவிடும். அந்த ஐந்து சதவீதமும் கண்ணுக்கு மிக ஆபத்து. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் என்டி 3.0 வடிகட்டி சேர்ந்தால் இருபதாயிரத்தில் ஒரு பங்காகும், அப்போதும் ஃபிலிமைவிட ஐந்து மடங்கு பிரகாசம். எனவே அதன்மேல் 540 நானோமீட்டர் அருகே பத்து நானோமீட்டர் மட்டும் விடும் பச்சை வடிகட்டியோ, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், சுழற்றக்கூடிய ஒற்றைத் துருவ வடிகட்டியோ வேண்டும். வெட்ஜில் எதிரொளித்த ஒளி ஏற்கெனவே பகுதியாகத் துருவமடைந்திருப்பதால், ஒரே துருவ வடிகட்டியைத் திருப்பிப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இது பெரிய வசதி. என்டி வடிகட்டியை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், சுத்தம் செய்யக் கழற்றினால் அன்றே திருப்பிப் பூட்டுங்கள்.

வெட்ஜ் லென்ஸ் தொலைநோக்கிக்கு மட்டுமே. குழியாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியனிலும் ஷ்மிட்-காசகிரேனிலும் வடிகட்டாத வெயில் குழாய்க்குள் போய் இரண்டாம் கண்ணாடியையும் அதன் தாங்கியையும் சுட்டுவிடும். பின்பக்கம் சிறிய லென்ஸ்கள் கொண்ட பெட்ஸ்வால் அமைப்பிலும் வேண்டாம். வெட்ஜுக்கு முன்னால் குவியத்தூரத்தைக் குறைக்கும் ரெட்யூசர், வடிகட்டி எதையும் திருகக் கூடாது. பின்புறம் திறந்த பழைய வெட்ஜ்களில் வெளியேறும் கற்றை சட்டையையும் தோலையும் பொசுக்கும். இப்போது வருபவை செராமிக் தட்டிலோ உலோகப் பொறியிலோ அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அரைமணி கழித்து அந்தப் பகுதி தொட முடியாத சூட்டில் இருக்கும். கழற்றும் முன் முதலில் லென்ஸை மூடுங்கள், பிறகு பத்து நிமிடம் விடுங்கள். 2 அங்குல வெட்ஜ், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சாதாரண 2 அங்குல டயகனல் அளவுக்கேனும் ஒளிப்பாதையின் நீளத்தைத் தின்னும். ஐபீஸை முன்பின் நகர்த்தும் ஃபோகசர் உள்ளே போதுமான அளவு போகுமா என்று வாங்கும் முன் அளந்துவிடுங்கள்.

இரண்டின் வேறுபாடு பெரிதாகத் தெரிவது குருணைகளில். ஒளிமண்டலம் எனும் சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு முழுவதும் கொதிக்கும் கஞ்சியின் குமிழ்கள் போல் பரவிக் கிடப்பவை இவை. ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம், ஆயுள் எட்டுப் பத்து நிமிடம். சூரியனில் ஒரு வில்நொடி (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது சுமார் 725 கிலோமீட்டர் என்பதால், குருணை ஒன்றரை வில்நொடிக்குச் சற்றுக் குறைவு. 80 மி.மீ. வாயின் பிரிதிறன் எல்லை 1.45 வில்நொடி. விளிம்பில் நிற்கிறது கணக்கு. அதனால்தான் பகல் காற்று சற்றுக் கலங்கினாலும் குருணைகள் மறைந்து வட்டு வழுவழுப்பாகிவிடும். ஃபிலிமில் 80 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல காலையில் ரவை தூவியது போன்ற சொரசொரப்பு தெரியும், ஆனால் தனித்தனியாகப் பிரியாது. அதே காலையில் வெட்ஜும் பச்சை வடிகட்டியும் 112 மடங்கும் சேர்ந்தால் குருணைகளும் அவற்றுக்கிடையேயான கருநூல் இடுக்குகளும் இரண்டு மூன்று நொடி பளிச்சென்று நின்று மறையும். அந்த நொடிகளுக்காகத்தான் ஐபீஸில் பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். குழாயை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அசையும் பிம்பத்தில் மங்கிய வேறுபாடுகளைக் கண் சட்டென்று பிடிக்கிறது.

சூரியன் முப்பது பாகை உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும், தரையோ இன்னும் சூடாகியிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாதங்களில் இவை இரண்டும் சேர்வது எட்டு மணியை ஒட்டிய குறுகிய இடைவெளியில். மொட்டை மாடிதான் இருக்கும் ஒரே இடம் என்றால் தளத்தில் நன்றாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, கைப்பிடிச்சுவருக்கு மேலாகப் பார்க்காமல் மாடியின் நடுவே நிறுத்துங்கள். வெயிலில் கிடந்த ஏசி வெளியலகுக்கும் தகரக் கூரைக்கும் மேலாகப் பார்த்தால் வட்டின் விளிம்பு அடுப்புத்தணல் மேல் நடுங்குவது போல் நெளியும். விளிம்பின் நெளிவைப் பார்த்து ஃபோகஸ் செய்யாதீர்கள். ஏதேனும் ஒரு புள்ளியின் கரிய நடுப்பகுதியான கருநிழலின் ஓரத்தைப் பிடியுங்கள். புள்ளிகள் இல்லாத நாளில் ஃபேக்குலாவைப் பிடிக்கலாம். வெட்ஜில் லென்ஸ் மெதுவாகச் சூடாவதால் முதல் இருபது நிமிடம் ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருக்கும்.

தலைக்குமேல் கறுப்புத் துணி போர்த்திக்கொள்வது வெட்ஜுக்கு மாறுவதைப் போலவே பலன் தரும். பக்கவெளிச்சம் கண்ணில் படும்வரை கண்பாப்பா சுருங்கியிருக்கும், மங்கிய நுணுக்கம் எதுவும் எட்டாது. 40-க்கு 50 சென்டிமீட்டர் அட்டையில் துளை போட்டுக் குழாயில் செருகினால் முகத்துக்கும் நிழல் கிடைக்கும்.

பெரிய புள்ளிகளில் கருநிழல் முழுக் கறுப்பாகத் தெரிந்தாலும் அது சுமார் நாலாயிரம் கெல்வின் சூடு. சுற்றியுள்ள 5,800 கெல்வின் வெளிச்சத்தில்தான் கறுக்கிறது. கருநிழலைச் சூழ்ந்த சாம்பல்நிறப் புறநிழலில் சுற்றிலும் ஆரக்கால்கள் போல் ஓடும் இழைகளை 80 மி.மீ. கற்றைகளாகவே காட்டும், தனி இழைகள் அதைவிட மிக மெல்லியவை. அந்த இழைகளின் வழியே வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கோடைக்கானல் ஆய்வகத்தில் நிறமாலைமானி கொண்டு கண்டுபிடித்தவர் ஜான் எவர்ஷெட். பாய்ச்சலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அது ஓடும் வாய்க்கால்களை நம் மாடியிலிருந்தே பார்க்கலாம். விளிம்பை நெருங்கும் வட்டமான புள்ளியில், வட்டின் நடுவை நோக்கிய பக்கத்துப் புறநிழல் ஒடுங்கிக் கிண்ணக்குழி போல் தோன்றும். 1769-இல் அலெக்சாண்டர் வில்சன் கவனித்தது இதைத்தான். கருநிழலின் குறுக்கே வெண்பாலம் ஒன்று உருவாகத் தொடங்கினால் அந்தப் புள்ளியைத் தினமும் பாருங்கள், பெரும்பாலும் உடையப் போகிறது. 2024 மே மாதத்தில் பெரும் காந்தப்புயலைக் கிளப்பிய 13664 என்ற எண்ணிட்ட புள்ளித் தொகுதி கிரகணக் கண்ணாடியிலேயே தெரிந்தது. வெட்ஜில் அதன் உட்பிரிவுகளை ஒருமணி நேரம் வரைந்தும் தீராது.

எண்ணுவதற்கு 40, 50 மடங்கு போதும். தொகுதிகளின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் சூரியனின் செயல்பாட்டைக் காட்டும் வுல்ஃப் எண். ஐந்து தொகுதி, 23 புள்ளி என்றால் 73. திசை தெரிய, சூரியனைத் தொடரும் மோட்டாரை நிறுத்துங்கள், சூரியன் நகரும் பக்கத்து விளிம்பு மேற்கு. டயகனலிலும் வெட்ஜிலும் இடவலம் மாறித் தெரிவதைக் குறிப்பேட்டில் எழுதத் தவறாதீர்கள், பின்னாளில் பழைய வரைபடங்களோடு ஒப்பிடும்போது அதுதான் குழப்பும்.

ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பொளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்பா தொலைநோக்கி வேறு உலகம். 656.28 நானோமீட்டரில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் (நானோமீட்டரில் பத்தில் ஒன்று) குறைவான பட்டையை எட்டலான் எனும் வடிகட்டி பிரித்தெடுக்க, விளிம்பில் சுவாலை நாக்குகளும் வட்டில் கரிய இழைகளும் தெரியும். 50 மி.மீ. போதுமான தொடக்கம். 0.7 ஆங்ஸ்ட்ராம் ஒற்றை எட்டலானில் சுவாலைகள் நன்றாக இருக்கும், வட்டின் நுணுக்கத்துக்கு இரட்டை எட்டலான் வேண்டும், அப்போது சுவாலைகள் மங்கும். நெபுலா படமெடுக்கும் ஏழு நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்பா வடிகட்டியைச் சூரியனுக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடவே கூடாது. பெயர் ஒன்றுதான், அது கண்ணைக் காக்காது. இவ்வகைக் கருவிகளில் காலப்போக்கில் முதலில் கெடுவது ஐபீஸ் பக்கத்துச் சிறு வடிகட்டி. ஈரம் ஏறி ஓரத்திலிருந்து பனி படர்ந்தது போல் மங்கத் தொடங்கும், பிம்பம் மெல்ல மெல்ல ஒளியிழப்பதால் மாதக்கணக்கில் கவனத்துக்கே வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐபீஸைக் கழற்றி, தொலைநோக்கியைச் சூரியனிலிருந்து விலக்கி வைத்து, டார்ச் வெளிச்சத்தில் அந்த வடிகட்டியின் பரப்பைப் பாருங்கள்.