வயதானவர்களின் மனச்சோர்வு: எந்த மாத்திரை யாருக்கு ஒத்துவரும்?

முதலில் எழுதித் தரப்படுபவை பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் இரண்டும்தான். எது உசத்தி என்று கேட்பதைவிட, அப்பாவின் மாத்திரை டப்பாவில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று பார்ப்பது உருப்படியான வேலை.

எஸ்சிட்டலோபிராமை 5 மி.கி.யில் தொடங்கி, பெரும்பாலான முதியவர்களுக்கு 10 மி.கி.யோடு நிறுத்துவார்கள். அளவு ஏறினால் இதயத் துடிப்பில் கோளாறு வரலாம். இதய நோய் இருந்தால் முன்பே ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். அசிடிட்டிக்குப் போடும் ஓமிப்ரசோல் இதன் அளவை ரத்தத்தில் கூட்டும், அதற்குப் பதில் பான்டோபிரசோல் தேவலை. மாரடைப்பு வந்தவர்களுக்கு செர்ட்ராலின் (25, பிறகு 50 மி.கி.) நல்ல தேர்வு. முதல் சில நாள் வயிறு கலக்கும். சாப்பிட்டதும் போட்டால் அடங்கும்.

இரண்டிலும் பெரிய தலைவலி சோடியம் குறைவதுதான். பிரஷர் மாத்திரைப் பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் 'எச்' பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்து. அதோடு இந்த மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் முதல் மாதத்திலேயே சோடியம் இறங்கலாம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் மந்தமாவார். மனச்சோர்வு முற்றிவிட்டது என்று நினைத்து டோஸைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். தொடங்கும் முன் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை சோடியம் பார்க்க வேண்டும். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ கூட இருந்தால் மலம் கறுத்துப் போகிறதா என்றும் கவனியுங்கள். வயிற்றில் ரத்தக்கசிவின் அடையாளம் அது.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்றால் மிர்ட்டசபின் 7.5 மி.கி. இரவில். பசி நன்றாகவே திரும்பும். சர்க்கரை நோயாளிக்கு எடை ஏறுவது மட்டும் தொல்லை. பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் மலிவு. ஆனால் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலச்சிக்கல் வரும், புத்தி தடுமாறும். இந்த வயதில் மனச்சோர்வுக்கு அது வேண்டாம்.

பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம். அதற்குள் சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416.

நம்ம ஊரில் தாராளமாக எழுதப்படும் எஸ்சிட்டலோபிராம்–குளோனசிபாம் கூட்டு மாத்திரைக்கு மதிப்பெண் கிடையாது. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மருந்தான குளோனசிபாம் முதியவர்களைக் கீழே விழ வைக்கும், மறதியைக் கூட்டும். ஒரே மாத்திரையில் இருப்பதால் அதை மட்டும் தனியே குறைக்கவும் வழியில்லை. திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.